எண்ணெய்ச் சட்டி ஏறிய கிறிஸ்மஸ்

1947ஆம் வருடம் கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டில் பலகாரம் சுடுவதா வேண்டாமா என்பதை மாமி தபால்காரரிடம் விட்டிருந்தாள். மகனிடமிருந்து கடிதம் வருகிற அன்று எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும், அதுவரை ஏறாது. இதை வீட்டுக்குள் எனக்கு மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கிணற்றடியில் சொன்னாள், சர்ச் முற்றத்தில் சொன்னாள், மீன்காரியிடம்கூடச் சொன்னாள்.

எங்கள் ஊர் நாகர்கோவிலுக்குத் தெற்கே, வயலும் குளமுமான சின்ன ஊர். வீட்டில் என் புருஷனைப் பெற்ற மாமியும் நானும்தான். மாமனார் நான் வாக்கப்படுவதற்கு முன்பே தவறிவிட்டார். என் வீட்டுக்காரர் அவர்களுக்கு ஒரே மகன். பெரிய யுத்தத்தின்போது பட்டாளத்தில் லாரி டிரைவராகச் சேர்ந்து, பர்மா எல்லை வரை போய், உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் திரும்பியவர். யுத்தம் முடிந்தது என்ற தைரியத்தில்தான் எங்கள் அப்பா பெண் கொடுத்தார். “இனி பட்டாளம்னா லெஃப்ட் ரைட்டும் சம்பளமும்தான்” என்று கல்யாணப் பந்தலில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். வெள்ளைக்காரனும் போய்விட்டான், இனிமேல் யார் யாரோடு சண்டை போடப் போகிறார்கள் என்று நாங்களும் நினைத்தோம்.

ஐப்பசி மழைக்குள் காஷ்மீர் சண்டை வந்துவிட்டது. காஷ்மீரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த குங்குமப்பூவும் கம்பளியும்தான். ஜம்முவிலிருந்து அவர் ஒரு கார்டு எழுதினார். மேலே மலைக்குப் போகிறோம், குளிர் அதிகம், கிறிஸ்மஸுக்கு முன்னால் கட்டாயம் எழுதுகிறேன் என்று இருந்தது. அந்தக் கடைசி வாக்கியத்தை மாமி பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்னைத்தான் மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்வாள். மற்ற வரிகளை வாசிக்கும்போது வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பாள், அந்த வரி வரும்போது கையை நிறுத்துவாள்.

எண்ணெய்ச் சட்டிக்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. சாவு விழுந்த வீட்டில் அந்த வருடப் பண்டிகைக்குச் சட்டி வைக்க மாட்டார்கள். சொந்தக்காரர்களும் அயல்வீட்டுக்காரர்களும் பலகாரம் சுட்டு, பண்டிகைக்கு முன்னாலேயே கொண்டுவந்து கொடுப்பார்கள். இந்துக்களுக்குத் தீபாவளியும் பொங்கலும் எப்படியோ அப்படி எங்களுக்குக் கிறிஸ்மஸ். மாமனார் இறந்த வருடம் வீடு நிறைய ஓலைப்பெட்டிகள் வந்ததாம். ஒன்றைக்கூடத் திறக்க முடியாமல் முந்திரிக்கொத்தெல்லாம் பூசணம் பிடித்துப் போனதாக மாமி சொல்லியிருக்கிறாள்.

மார்கழி பிறந்தது. விடியற்காலையில் பஜனைக்காரர்கள் ஜால்ராவோடு ஒரு பக்கம் போனார்கள். முந்தின இரவு கேரல் பாடிவிட்டுப் போன எங்கள் சபைப் பையன்கள் இன்னொரு பக்கம் தூங்கி வழிந்துகொண்டு நடந்தார்கள். சுசீந்திரம் தேரும் கிறிஸ்மஸும் அந்த வருடம் அடுத்தடுத்து வந்ததால் தெருவில் இரண்டு பக்கமும் எண்ணெய் மணம். எங்கள் வீட்டில் மட்டும் முந்திரிக்கொத்துக்காகச் சிறுபயறு வறுத்து இடித்த மாவு தகர டப்பாவில் மூடிக் கிடந்தது. கருப்பட்டி ஓலையோடு பரணில் இருந்தது. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டே போகப் பழகிவிட்டார்.

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அடுத்த வீட்டு அக்கா வந்தாள். அவர்கள் சைவப் பிள்ளைமார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான், அதிலும் பாதி சாய்ந்துவிட்டது. இடுப்பில் மூடி போட்ட ஓலைப்பெட்டி ஒன்று வைத்திருந்தாள்.

“தேருக்கு ஆளு வருவாவன்னு கொஞ்சம் கூடுதலா சுட்டேன். இஞ்ச ரெண்டு பொம்பளைய தனியா கெடக்கியோ, விறகும் நனைஞ்சு போச்சுன்னு மருமவ சொன்னா. அதான்...”

விறகு நனைந்தது உண்மை. நான்தான் சொல்லியிருந்தேன். கையை நீட்டி வாங்கப் போனேன்.

“ஏட்டி, தொடாத!” என்று மாமி உள்ளேயிருந்து கத்தினாள்.

வெளியே வந்து பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள். மேலே முறுக்கு, கீழே முந்திரிக்கொத்து. பார்த்துவிட்டு மூடினாள்.

“எங்க பண்டியலுக்கு நீ பலகாரம் கொண்டு வாறது என்ன மொறைட்டி?”

“அக்கா, நான் என்னத்துக்கு...”

“துட்டி கேக்க வந்தியா? எம் பிள்ளை செத்துட்டான்னு ஒனக்கு யாரு சொன்னா?”

அடுத்த வீட்டு அக்காவின் முகம் வெளிறிப் போயிற்று. “முருகா! எம் வாயி அழுவிப் போவும் அப்படி நெனச்சிருந்தா. நேத்து நீ முட்டில கைய வச்சிட்டு இருந்தது பொறுக்க மாட்டாம கொண்டாந்தேன். இப்படி ஒரு மொறை இருக்குங்கது அந்நேரம் புத்தியிலயே வரல்லக்கா.”

அவள் சொன்னது பொய்யில்லை என்று எனக்குத் தெரிந்தது. மாமிக்கும் தெரிந்திருக்கும். ஆனால் பெட்டி வாசல்படி தாண்டி வந்துவிட்டது. மாமி அதைத் தூக்கி அவள் இடுப்பிலேயே வைத்து, “கொண்டு போ. நாளைக்கு எம் வீட்டுலேர்ந்து ஒனக்கு வரும்” என்றாள்.

அக்கா வேலியைத் தாண்டுவதற்குள் மாமி பரணில் ஏறிவிட்டாள்.

நனைந்த விறகை ஊதி ஊதி எனக்குக் கண் எரிந்தது. மாமி கருப்பட்டிப் பாகைக் காய்ச்சி மாவில் ஊற்றினாள். சூடு ஆறினால் உருட்ட வராது. உள்ளங்கை சிவக்கச் சிவக்க உருண்டை பிடித்தோம். மூன்று மூன்றாகச் சேர்த்து, மஞ்சள் கலந்த அரிசிமாவுக் கரைசலில் முக்கி எண்ணெயில் போட்டோம். நான் போட்டவை பிரிந்து பிரிந்து மிதந்தன. வேறு நாளாக இருந்தால் மாமி ஒரு வசை வைத்திருப்பாள். அன்று அவற்றையும் அரித்தெடுத்துத் தட்டில் போட்டாள்.

மணம் தெருவுக்குப் போனதும் எதிர்வீட்டிலிருந்து குரல் கேட்டது. “என்ன, சட்டி ஏறியாச்சு போலுக்கே! காயிதம் வந்துட்டா?”

மாமி கரண்டியை நிறுத்தாமல், “மணம் வருகுல்லா?” என்றாள்.

அவ்வளவுதான். கடிதம் வந்தால் சட்டி ஏறும் என்று ஊருக்கே தெரியும். சட்டி ஏறிவிட்டது. மாமி பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் கடிதம் வந்த செய்தி ஊரெல்லாம் போய்விட்டது.

மறுநாள் காலையில் மாமி எனக்குக் கல்யாணச் சேலையை எடுத்துத் தந்தாள். பலகாரத்தை வழக்கமாகக் கிறிஸ்மஸ் அன்று ஆராதனை முடிந்துதான் கொடுப்போம். அந்த வருடம் முந்தின நாளே கொண்டு போகச் சொன்னாள். “நீதான் போவணும். ஒன் முகத்தப் பாக்கட்டு எல்லாரும். மூஞ்சிய தூக்கி வச்சிட்டுப் போவாத.”

எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் நிற்க வராது. ஆனாலும் முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் முதலில் என் கழுத்தைப் பார்த்தார்கள், பிறகு முகத்தைப் பார்த்தார்கள், அதற்குப் பிறகுதான் பெட்டியைப் பார்த்தார்கள். “சுகமா இருக்கானாம்மா?” என்று கேட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்து இரண்டாவது கேள்வி கேட்காமல் விட்டார்கள். கூச்சத்தால் எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே உதவி அதுதான்.

முக்குவீட்டுத் தாத்தா ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, “ஏ மக்கா, பட்டாளத்தான் பெண்டாட்டிங்கதக் காட்டிட்டியே. இத வடக்க அனுப்பிக் குடு, குண்டு மிச்சம்” என்றார். திண்ணென்று இருந்திருக்கும், பாகு முற்றிப் போயிருந்தது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசியாக அடுத்த வீட்டுக்குப் போனேன். அக்கா பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினாள். “காயிதம் எப்ப வந்துது?” என்று மெதுவாகக் கேட்டாள். வேலி வழியாக எங்கள் வீட்டில் நடப்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். நான் தலையை ஆட்டவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை. என் முன்னாலேயே ஒன்றை எடுத்து வாயில் போட்டு, மெல்ல முடியாமல் மென்றாள்.

கிறிஸ்மஸ் விடியலில் சர்ச் நிறைந்திருந்தது. நிலா இன்னும் மேற்கே இருந்தது. சபைப் போதகரான ஐயர் நீண்ட ஜெபம் செய்தார். நாட்டுக்காகவும், புது அரசாங்கத்துக்காகவும், எல்லையில் நிற்பவர்களுக்காகவும் ஜெபித்துவிட்டு, “நம்முடைய சபையின் மகனைக் குறித்து இந்தப் பண்டிகைக்கு முன் நற்செய்தி தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்” என்றார். கண்ணைத் திறந்து மாமியைப் பார்த்தேன். அவள் எல்லோரையும்விடச் சத்தமாக “ஆமென்” என்றாள். பிறகு முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மத்தியானம் ஆட்டுக்கறி வைத்தோம். இலையில் போட்டது போட்டபடி இருந்தது.

பொங்கல் கழிந்து தந்தி வந்தது. மலைப்பாதையில் லாரிகள் போகும்போது சுட்டிருக்கிறார்கள், டிசம்பர் மாதத்தில் இறந்தார் என்று மட்டும் இருந்தது. நாள் இல்லை. நான்தான் வாசித்தேன். வாசித்துச் சொல்கிற வரையில் நான் அழவில்லை. சொன்ன பிறகு எனக்கு நினைவு தப்பிவிட்டது.

மாமி அழுதாள், எல்லாத் தாயும் அழுகிற மாதிரி. ஆனால் மாதம் இரண்டு ஆவதற்குள் அழுகை நின்று, அவளுக்கு ஒரே கேள்வியாகிவிட்டது. அது எந்த நாள்? சட்டி வைத்ததற்கு முன்பா, பிறகா? “அவன் அங்க பனியில கெடக்கும்போ நான் இஞ்ச பலகாரம் சுட்டேனாட்டி?” என்று என்னைக் கேட்பாள். எனக்கு என்ன தெரியும். சோற்றில் கை வைத்துவிட்டுக் கேட்பாள், பிறகு சோற்றைத் தள்ளிவிடுவாள். அடுத்த வீட்டு அக்கா தினமும் வந்து பக்கத்தில் உட்காருவாள். ஒரு நாள் மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ கொண்டாந்த அன்னைக்கே அவனுக்கு முடிஞ்சு போச்சோ என்னமோ. நீ மொறையாத்தான் வந்திருக்க. நாந்தான் தொரத்திட்டேன்” என்றாள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். மாமியின் தோள் எலும்பு ரவிக்கைக்கு மேலே தெரிய ஆரம்பித்தது. இவளும் போய்விடுவாள், இந்த வீட்டில் நான் மட்டும் இருப்பேன் என்று பயந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஓர் ஆள் வீடு விசாரித்து வந்தார். கருங்கல் ஊர்ப் பக்கத்துக்காரர், என் வீட்டுக்காரரோடு லாரி ஓட்டியவர். என்னைவிட இரண்டொரு வயது இளையவராக இருப்பார். நனைந்த செருப்பை வெளியே விட்டுவிட்டு, உட்காராமல் நின்றார்.

“எனக்க வண்டி பொறத்தால வந்துது அம்மா. அவியளுக்க வண்டி முன்ன. சத்தம் கேட்டுது, பின்ன வண்டி பள்ளத்துல...”

மகன் கஷ்டப்பட்டானா, என்ன சொன்னான், எங்கே அடக்கம் பண்ணினார்கள் என்று எதையும் மாமி கேட்கவில்லை.

“மக்கா, அது கிறிஸ்மஸுக்கு முன்னேயா, பொறவா?”

அவர் மாமியைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அந்தக் கிழவி கேட்ட விதத்திலேயே என்ன பதில் வேண்டும் என்பது இருந்தது.

“பொறவுதான் அம்மா. கிறிஸ்மஸ் கழிஞ்சு நாலஞ்சு நாளு இருக்கும்” என்றார். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டார்.

“அப்போ கிறிஸ்மஸ் அன்னைக்கு இருந்தானா?”

“இருந்தாவ. பாட்டெல்லாம் பாடினாவ.”

மாமி நெஞ்சில் கை வைத்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரர் பாடுகிறவர் இல்லை. சர்ச்சில்கூட வாயை மட்டும்தான் அசைப்பார்.

பஸ் நிற்கிற இடம் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு வழிகாட்டப் போனேன். வரப்பில் அவர் முன்னால் நடந்தார். ரோட்டுக்கு ஏறியதும் திரும்பி நின்றார்.

“அக்காவுக்கு ஏதாவது கேக்கணுமா?”

கேட்டால் சரியான நாளைச் சொல்லியிருப்பார். அந்த முகத்தில் அது தெரிந்தது.

“நேரமாச்சு, பஸ் போயிரும்” என்றேன்.

பஸ் வர வெகுநேரம் ஆயிற்று. அதுவரை இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் வீடு திரும்பியபோது மாமி அடுப்படியில் இருந்தாள். பானையைத் திறந்து, தானே கஞ்சி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள்.