ஒரே கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள்

1. சின்னமனூரையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து ஒரு வட்டாரப் பொருளாதார வளர்ச்சி மண்டலம் அமைக்க அரசு முடிவு செய்தது.

2. எல்லை வரைபடம் தயாரிக்கும் வேலை, தேனியில் நான் பணிபுரியும் சிறிய நிறுவனத்துக்குக் கிடைத்தது.

3. மண்டலத்தில் சேரும் ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டியிருக்க வேண்டும், நடுவில் இடைவெளி கூடாது என்பது விதி. ஒவ்வொரு ஊராட்சியும் கிராம சபையைக் கூட்டி, சேரச் சம்மதம் என்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.

4. எங்கள் ஊரைத் தவிர மற்ற எல்லா ஊர்களும் நிறைவேற்றிவிட்டன.

5. எங்கள் ஊர் சரியாக நடுவில் இருக்கிறது.

ஐந்தாவதைத் திரையில் பார்த்தபோது என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. சம்மதித்த ஊர்களுக்கெல்லாம் பச்சை ஏற்றியிருந்தேன். ஒரு பக்கம் சின்னமனூர் நகராட்சி, மறுபக்கம் மேகமலை அடிவாரத்து ஊர்கள், இடையில் நான் பிறந்த ஊர் மட்டும் வெள்ளையாக நின்றது. அது நிரம்பாவிட்டால் அடிவாரத்து ஊர்களும் மண்டலத்திலிருந்து கழன்றுவிடும். படிப்பில் எத்தனையோ வரைபடங்கள் போட்டிருக்கிறேன். ஒரு வரைபடம் என் நெஞ்சைப் படபடக்க வைத்தது அதுதான் முதல் முறை.

சித்தப்பாவுக்கு அந்த வெள்ளை இடம் பிழைப்புப் பிரச்சினை. அவர் வாழை போட்டிருக்கிறார். தார்களை வெட்டி, சருகைப் பரப்பி லாரியில் அடுக்கினாலும், சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் தோல் உரசிக் கறுத்துவிடும். வியாபாரி அதைக் காட்டியே விலையைக் குறைப்பார். மண்டலம் வந்தால், எங்கள் ஊர்ப் புறம்போக்கில் காயைக் கழுவி, தரம் பிரித்து, பெட்டியில் அடைக்கும் கூடம் ஒன்றும் குளிர்பதன அறையும் கட்டத் திட்டம் இருந்தது. “அது வரலைன்னா இந்த வெட்டோட நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு திருப்பூருக்குப் போயிருவேன் பாப்பா” என்று என்னிடம் சொல்லியிருந்தார். சித்தி அதற்குள் அங்கே வாடகை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

தடுத்தது சித்தப்பாவின் சொந்த அக்கா, என் அத்தை. நூறு நாள் வேலையில் எங்கள் ஊருக்கு அவர்தான் பொறுப்பாளர். முந்தைய கிராம சபையில் அவர் எழுந்து போக, பெண்கள் எல்லோரும் பின்னாலேயே போய்விட்டார்கள். கூட்டத்துக்கு வேண்டிய ஆள் எண்ணிக்கை குறைந்து, சபையே செல்லாமல் போனது.

மறுபடி சிறப்புக் கூட்டம் கூட்டினார்கள். விளக்கம் சொல்ல மாவட்ட அலுவலர் ஒருவருடன் என்னையும் அனுப்பினார்கள். சமுதாயக்கூடத்தின் சுவரில் வரைபடத்தைக் காட்டினேன்.

“ஏத்தா, அந்தப் பச்ச எங்கன போயி முடியுது?” என்று அத்தை கேட்டார்.

“சின்னமனூர் வரைக்கும், அத்தை.”

“நகராட்சியும் பச்ச, நாமளும் பச்ச. அப்ப ரெண்டையும் ஒண்ணாக்கப் போறாக.”

“கலரப் பாத்துப் பயந்தா வாழத் தோட்டத்துக்குள்ளயே போக முடியாதுக்கா” என்றார் சித்தப்பா.

“ஏலே, நீ பேசாத. ஒனக்குப் பெட்டி கட்ட எடம் வேணும். நகராட்சியில சேத்துட்டா எங்களுக்கு நூறு நாள் வேல கெடயாது. வீட்டு வரி மட்டும் வளரும்.”

அவர் பயந்ததில் தவறில்லை. பக்கத்து ஊர் ஒன்றை நகராட்சியோடு இணைக்கப்போவதாகப் பேச்சு அடிபட்ட நேரம் அது. மண்டலம் வரி போடாது, ஊராட்சி ஊராட்சியாகவே இருக்கும், ஊர்களின் பிரதிநிதிகள் ஒரு குழுவில் உட்கார்ந்து சாலையையும் சந்தையையும் சேர்ந்து திட்டமிடுவார்கள், அவ்வளவுதான் என்று விளக்கினேன்.

“அப்ப அதத் தீர்மானத்துல எழுது.”

அலுவலர் மறுத்துத் தலையசைத்தார். “நிபந்தனை போட்டா மேல இருந்து திருப்பி அனுப்பிருவாங்கம்மா. எல்லா ஊருக்கும் ஒரே வாசகம்தான்.”

அத்தை எழுந்துவிட்டார். வாசலோரம் இருந்த பெண்கள் செருப்பை மாட்டத் தொடங்கினார்கள். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். வாசல்வரை போன அத்தை அங்கேயே திரும்பி நின்றார்.

“சார், நீங்க குடுத்த வாசகத்துல நாங்க கை வைக்கல. நகராட்சியில சேர மாட்டோம்னு அதுக்கு முன்னால தனியா ஒரு தீர்மானம் போட்டா? அதையும் திருப்பி அனுப்புவாகளா?”

அலுவலர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அவர் திரும்பி வரும்வரை நான் மடிக்கணினியின் மேல் கையை வைத்தபடி நின்றேன்.

“போடலாம்” என்றார் வந்ததும். “அது உங்க சபையோட உரிமை. சேர்றது தனி, இது தனி.”

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு உற்சாகம் பொங்குகிறது. முதல் தீர்மானத்தை நான் தட்டச்சு செய்யச் செய்ய, அது பெரிய எழுத்தில் சுவரில் தெரிந்தது. செருப்பு மாட்டியவர்கள் கழற்றிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். நூறு நாள் வேலையைச் சேர்க்கச் சொன்னது ஒரு குரல். வீட்டு வரியை விட்டுவிட்டேன் என்று கண்டித்தது இன்னொன்று.

“அப்பிடியே காலைல பஸ்சு நேரத்துக்கு வரணும்னும் போட்டுரு ஆத்தா” என்றது பின்வரிசை. ஊராட்சித் தலைவரே சிரித்துவிட்டார்.

முதல் தீர்மானத்துக்கு எல்லாக் கையும் உயர்ந்தது. இரண்டாவதாக, மண்டலத்தில் சேரும் தீர்மானத்தைத் தலைவர் வாசித்தார். எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அவர் கையை உயர்த்திவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினார்.

“பெட்டி அடைக்கிற வேலைக்கு வெளியூர் ஆளக் கூப்புட்ட, அம்புட்டுதான்.”

“நீ கேக்குற கூலிக்கு நான் தோட்டத்தையே எழுதிக் குடுக்கணும்” என்றார் சித்தப்பா. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

எங்கள் ஊரின் மேல் நான் நிறம் ஏற்றியபோது யாரோ கை தட்டினார்கள். நகராட்சியை வேறு நிறத்துக்கு மாற்றிவிட்டுத்தான் ஏற்றினேன்.

இரண்டு தீர்மானங்களும் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்விட்டன. மண்டல அறிவிப்பு அரசிதழில் இன்னும் வெளிவரவில்லை. பெட்டி அடைக்கும் கூடத்துக்கான புறம்போக்கை அளந்து கல் நட்டிருக்கிறார்கள். நூறு நாள் வேலை நடக்கிறது. சித்தப்பா நிலத்தைக் குத்தகைக்கு விடவில்லை. வெட்டு முடிந்த வாழைகளின் அடியில் அடுத்த தாருக்குப் பக்கக்கன்றை வெட்டாமல் விட்டிருக்கிறார்.