ஞானமுத்து அண்ணாச்சிக்கு அந்தப் பேர் தகுமா?

1. பத்துப் பேரோடு ஆடிய ஆட்டம்

நான் தென்காசிக்கு டிரில் மாஸ்டராக வந்து சேர்ந்த வாரம் குற்றாலத்தில் ஃபுட்பால் ஷீல்டு ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. முப்பதுகளின் தொடக்கம் அது. சாரல் காலத்தில் அருவியில் குளிக்க வருகிற கூட்டத்தை நம்பி ஆண்டுதோறும் நடத்துவார்கள். திருநெல்வேலி, நாகர்கோவில், மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்கள் என்று பல டீம்கள் வரும். தென்காசி டவுன் டீமுக்கு உதவியாக இருக்கும்படி ஹெட்மாஸ்டர் என்னை அனுப்பிவைத்தார். நான் சென்னையில் உடற்பயிற்சிப் படிப்பு முடித்து, சர்டிபிகேட்டும் கையுமாக வந்தவன்.

டீமின் மேனேஜர் ஞானமுத்து அண்ணாச்சி. இன்று கோச் என்கிறீர்களே, அந்த வேலையும் அப்போது மேனேஜருடையதுதான். அவர் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறவர். குட்டையான ஆள், வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு லைனுக்கு வெளியே குந்தியிருந்தார். எனக்கு வணக்கம் சொன்னதோடு சரி.

அன்று செமிஃபைனல். தூறல் நின்றபாடில்லை. பந்தின் தோல் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கல்லாகக் கனத்துவிட்டது. அதை வெறுங்காலால் உதைத்தார்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல் என்று இருந்த நேரத்தில் எங்கள் சென்டர் ஃபார்வர்டு மாடசாமி எதிர் டீமின் ஃபுல் பேக் ஒருவனோடு மோதி விழுந்தான். எழுந்தபோது வலது முழங்காலை ஊன்றப் பயந்தான். ஆனாலும் ஓடினான். அந்த டீமில் கோல் அடிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்று எனக்கே கால் மணி நேரத்தில் விளங்கியிருந்தது.

ஞானமுத்து அண்ணாச்சி எழுந்து நின்றார்.

"ஏலே மாடசாமி, வெளிய வா."

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஆடுதேன்."

"வெளிய வான்னு சொல்லுதேன்."

அந்தக் காலத்தில் ஒருவன் வெளியே வந்தால் அவனுக்குப் பதில் ஆள் இறக்க முடியாது. மீதிப் பத்துப் பேர்தான் ஆட வேண்டும். நான் பதறிப்போய், "சார், இன்னும் பாதி ஆட்டம் கிடக்கிறது" என்றேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தானே கிரவுண்டுக்குள் போய் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அவன் கோபத்தில் அழுதான்.

நாங்கள் தோற்றோம். கூட்டம் அண்ணாச்சியின் மேல் சேற்றை அள்ளி வீசியது. "துட்டு வாங்கிட்டான்" என்று ஒருவன் கத்தினான். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாடசாமியை ஒரு வில்வண்டியில் ஏற்றி, கால் நீட்ட வசதியாக வைக்கோலை ஒதுக்கிவிட்டு, வண்டிக்குப் பின்னால் தென்காசி வரை நடந்தே வந்தார்.

2. பேர் வளர்ந்த விதம்

அடுத்த ஆண்டு ஷீல்டு எங்களுக்குக் கிடைத்தது. அதற்கடுத்த ஆண்டும் கிடைத்தது. மூன்றாவது முறையும் ஜெயித்தபோது ஞானமுத்து அண்ணாச்சியின் பேர் அம்பாசமுத்திரம் வரை போய்விட்டது. சேறு வீசிய அதே ஊர், பண்பொழித் தேருக்குப் போகிற வழியெல்லாம் அவரைப் பற்றியே பேசியது. அவர் கண்ணைக் காட்டினால் எந்தப் பக்கம் பந்து போக வேண்டும் என்று ஆட்களுக்குத் தெரியுமாம். எதிராளி டீமைப் பார்த்ததுமே எத்தனை கோல் என்று சொல்லிவிடுவாராம்.

பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். இதில் ஒன்றுகூட உண்மை இல்லை.

பிராக்டீஸுக்கு வருவார். ஒவ்வொருவனையும் கூப்பிட்டு, "நேத்து உறங்கினியா? என்ன சாப்ட்ட?" என்று கேட்பார். பாதத்தைத் தூக்கிக் காட்டச் சொல்வார். வெட்டுக்காயம் இருந்தால், "போ, ரெண்டு நாள் கழிச்சு வா." வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவனையும் அனுப்பிவிடுவார். பிறகு பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார். பாஸிங் பற்றியோ, ஹாஃப் பேக் எங்கே நிற்க வேண்டும் என்பது பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. அவருக்குத் தெரிந்த ஒரே உபாயம் எங்கள் ஊர் மேல்காற்று. ஆனியிலும் ஆடியிலும் கணவாய் வழியாக வருகிற காற்றில் உயரத் தூக்கி அடித்த பந்து அடித்தவனிடமே திரும்பி வரும். "பந்தத் தரையோட வச்சுக்கோங்கல" என்பார். இதைத் தென்காசியில் மாடு மேய்க்கிறவனும் சொல்வான்.

ஆகவே, இந்த மனிதருக்கு இவ்வளவு பேர் தகுமா என்ற கேள்வி ஊரில் எழும்புவதற்கு முன்பே எனக்குள் எழும்பிவிட்டது.

3. கமிட்டிக் கூட்டம்

கேள்வியை வெளியே எடுத்தவர் கமிட்டித் தலைவர் சங்கரலிங்கம் வக்கீல். அவருடைய அக்காள் மகன் ராமநாதன் பாளையங்கோட்டையில் காலேஜ் டீமுக்குக் கேப்டனாக இருந்து படிப்பை முடித்துவிட்டு வந்திருந்தான். அவனை மேனேஜர் ஆக்க வேண்டும் என்பது வக்கீலின் எண்ணம். ஆனால் உறவுக்காக மட்டும் பேசினார் என்று சொன்னால் அது அநியாயம். அவர் வாதத்தில் பலம் இருந்தது.

"மூணு ஷீல்டு. சரி. அடிச்சது யாரு? மாடசாமி. தடுத்தது யாரு? நம்ம கோல் கீப்பர். இவங்க எல்லாரும் ஞானமுத்து வாரதுக்கு முன்னாடியே ஆடுன பயலுவ. போன வருஷம் நாகர்கோவில் டீம் வரவே இல்ல. மிச்சத்தக் காத்து பாத்துக்கிடுச்சு. இதுல ஞானமுத்து என்ன செஞ்சாரு? நான் கேக்கது அது ஒண்ணுதான்."

பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு கமிட்டி மெம்பர் எழுந்தார். "அண்ணாச்சி வாரதுக்கு முன்னாடியும் இதே பயலுவதான். அப்ப ஏன் ஜெயிக்கல?"

"அப்ப சின்னப் பயலுவ வே. இப்ப வளந்துட்டானுவ."

சத்தம் கூடியது. வக்கீல் என்னைக் கைகாட்டினார். "டிரில் மாஸ்டர், நீரு இதையே படிச்சவரு. உள்ளதச் சொல்லும். அவருக்கு ஆட்டம் தெரியுமா?"

ஞானமுத்து அண்ணாச்சி எனக்கு எதிர் பெஞ்சில்தான் இருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஆட்ட நுணுக்கம் அவருக்கு அதிகம் தெரியாது. ஆனால் அவரை மாற்ற வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்."

"அது என்ன நியாயம்?"

"மூன்று வருஷமாக நம் ஆட்களில் ஒருவனுக்கும் பெரிய காயம் இல்லை. ஒவ்வொரு ஃபைனலிலும் பதினொரு பேரும் முழு உடம்போடு இறங்கினார்கள். மற்ற டீம்களில் ஃபைனல் வரும்போது பாதிப் பேர் நொண்டிக்கொண்டிருப்பார்கள்."

ஒருவர் சிரித்தார். "அதுக்கு ஒரு நாட்டு வைத்தியரப் போட்டாப் போதுமே, சார்." எல்லோரும் சிரித்தார்கள். என் வாதம் அதோடு முடிந்தது.

வக்கீல் கடைசியாக அண்ணாச்சியைக் கேட்டார். "நீரு என்ன சொல்லுதீரு?"

அவர் எழுந்தார். "வக்கீலய்யா சொல்லுதது சரிதான். ஜெயிச்சது பயலுவ. எனக்கு என்ன தெரியும்? ஒரு தடவ தோத்தோம்லா, அதுக்கு மட்டும் நாந்தான் பொறுப்பு." பந்துக்குக் காற்றடிக்கிற பம்பையும் விசிலையும் மேஜையில் வைத்துவிட்டு, மரக்கடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். கேலியாகச் சொன்னாரா, வருத்தத்தில் சொன்னாரா என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அவர் முகத்தில் இரண்டும் இல்லை.

4. ராமநாதன்

ராமநாதன் நல்ல மேனேஜர். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு ஊரில் அவனைப் பற்றிக் கண்டபடி பேசினார்கள். காலையில் ஆட்களோடு தானும் ஓடுவான். தரையில் குச்சியால் கோடு போட்டு, யார் எங்கே நிற்க வேண்டும், பந்து போன பிறகு எங்கே நகர வேண்டும் என்று காட்டுவான். மாடசாமி கீழப்பாவூர்க்காரன், மரக்கடைகளில் லோடு ஏற்றுகிறவன், ஓரெழுத்து வாசிக்கத் தெரியாது. அவன் அந்தக் கோடுகளை ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டான். இடது காலாலும் அடிக்கப் பழகினான். அந்தச் சீசனில் எங்கள் டீம் ஆடியதைப் போல ஓர் ஆட்டத்தை நான் பிறகு இந்தப் பக்கத்தில் பார்க்கவில்லை. ஞானமுத்து அண்ணாச்சியைப் பற்றி வக்கீல் சொன்னது சரிதானோ என்று எனக்கே தோன்றியது.

செமிஃபைனலில் மாடசாமியின் முழங்கால் திருகிக்கொண்டது. பழைய வலது கால்தான். மறுநாள் ஃபைனல். காலையில் போய்ப் பார்த்தேன். பந்து போல வீங்கியிருந்தது, தொட்டால் சூடு. நான் ராமநாதனிடம், "இவனை இறக்காதே" என்றேன்.

"நானும் அதத்தான் நினைக்கேன், சார். ஆனா அவன் ஆடுதேன்னு ஒத்தக் கால்ல நிக்கான். பெரிய ஆளு, பச்சப்புள்ள இல்லயே. அவன் இஷ்டத்த நான் எப்படித் தடுக்க?"

கிரவுண்டில் கம்பவுண்டர் காலைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஞானமுத்து அண்ணாச்சி வந்தார்.

"ஏலே, ஆடாத."

"இப்ப நீங்க மேனேஜர் இல்ல, அண்ணாச்சி."

"இல்லதான். ஆடாதங்கேன்."

மாடசாமி கிரவுண்டுக்குள் போனான். அண்ணாச்சி ராமநாதனைப் பார்த்தார். ராமநாதன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் பயம் இருந்தது. தடுக்கிற தைரியம்தான் இல்லை.

ஆட்டம் முடியும் நேரம். கோல் இல்லை. இடது பக்கத்திலிருந்து வந்த பந்தை மாடசாமி நிறுத்தாமல், இடது காலாலேயே அடித்தான். உடம்பின் மொத்தக் கனமும் வலது காலில் இறங்கியது. பந்து வலைக்குள் போனதைக் கூட்டம் பார்த்தது. முழங்கால் உள்பக்கமாக மடங்கியதை நான் பார்த்தேன்.

அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு குற்றாலத்துக் கடைவீதி முழுவதும் சுற்றினார்கள். அவன் வலியில் கத்தியது கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

5. பிறகு

அந்தக் கால் சரியாகவில்லை. புத்தூர்க் கட்டுப் போட்டார்கள், திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். குச்சி இல்லாமல் நடக்க ஒரு வருஷம் ஆயிற்று. தலையில் மரம் சுமந்து, வண்டியில் சாய்த்த பலகைமேல் ஏறுகிற வேலை அவனுக்கு முடிந்துபோனது. வயது இருபத்தைந்துகூட இல்லை. ஞானமுத்து அண்ணாச்சி தன் முதலாளியிடம் பேசி மரக்கடை கேட்டில் உட்காருகிற வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தார். ராமநாதன் மாடசாமி வீட்டுக்குப் போய் வாசலில் நின்று அழுதுவிட்டு வந்தான். அடுத்த ஆண்டும் மேனேஜராக இருக்கச் சொன்னபோது மறுத்துவிட்டான். உத்தியோகம் கிடைத்து வடக்கே போனவன் பிறகு பந்தைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டேன். ஞானமுத்து அண்ணாச்சியையும் திரும்பக் கூப்பிட்டார்கள். "வயசாயிட்டு" என்று சொல்லிவிட்டார்.

யுத்தம் வந்து ஷீல்டு ஆட்டங்கள் நின்றன. ஆனால் வாதம் நிற்கவில்லை. காபி கிளப்பில் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், ஞானமுத்து பெரியவரா, ராமநாதன் பெரியவனா என்று தொடங்கிவிடுவார்கள். மூன்று ஷீல்டு என்று ஒரு கட்சி, அந்த ஒரு ஃபைனல் என்று ஒரு கட்சி. மாடசாமியை ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு நாள் மரக்கடைப் பக்கம் போனபோது நான் கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை.

"ராமநாதன் ஐயாதான், சார். எனக்கு ஆட்டம்னா என்னன்னு காட்டுனது அவருதான். அந்தக் கோலு மாதிரி நான் முன்ன அடிச்சதே இல்லயே."

"ஞானமுத்து அண்ணாச்சி?"

கேட்டின் தாழ்ப்பாளைக் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தான். உள்ளே இரண்டு பேர் ஒரு தேக்குக்கட்டையைத் தோளேற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பலகைமேல் ஏறி இறங்கும் வரை பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அன்னைக்கி கையப் புடிச்சு வெளிய இழுத்தாருல்லா, அப்ப அவரக் கொல்லணும் போல இருந்துச்சு. ரெண்டு மாசம் பேசல நான். அவரு மேனேஜராவே இருந்திருந்தா அந்த ஃபைனல்ல நம்ம தோத்திருப்போம், சார். நான் இப்ப உள்ள லோடு ஏத்திக்கிட்டு நிப்பேன்."

என் தொழிலுக்கு வேண்டிய பாடம் எனக்கு அங்கேதான் கிடைத்தது. இளவட்டத்தைப் பார்த்து ஆடுகிறாயா என்று கேட்டால் ஆடுகிறேன் என்றுதான் சொல்வான். அவன் இஷ்டம் என்று விட்டுவிடுவது அவனை மதிப்பதாகத் தோன்றும். நம் பொறுப்பை அவன் தலையில் ஏற்றிவிட்டு நகர்ந்துகொள்கிறோம் என்பது தோன்றாது. ஞானமுத்து அண்ணாச்சிக்கு ஊர் கொடுத்த பேர் அவருக்குத் தகாத பேர்தான். அவர் தந்திரசாலி அல்ல, மூன்று ஷீல்டும் அவர் திறமையால் வந்தவை அல்ல. அவருக்குத் தகுந்த பேரை அன்று சேறு வீசியவர்கள் கொடுத்திருக்க வேண்டும். அவர்களால் அது முடியாது. தோற்ற அன்று யாரால் முடியும்?

பிறகு என் சர்வீஸில் எத்தனையோ மேட்சுகளுக்கு டீமைக் கூட்டிக்கொண்டு போனேன். அடிபட்டவனை வெளியே இழுத்திருக்கிறேன். அதனால் தோற்றிருக்கிறோம். ஹெட்மாஸ்டர்களிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். என் பேரில் ஒரு ஷீல்டும் கிடையாது. அப்படி நான் வெளியே இழுத்த ஒருவன் இப்போது சுவாமி சன்னதித் தெருவில் கடை வைத்திருக்கிறான். அவனுடைய கடைசிப் பள்ளிக்கூட ஃபைனலை நான் கெடுத்துவிட்டேன் என்று இன்றுவரை அவனுக்கு மனத்தாங்கல். எதிரே நான் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவான். நான் நின்று பார்ப்பேன். நல்ல வேகமாக நடக்கிறான்.