கால்வாய்க்கரைக் கள்ளுக்கடையும் நான் எழுதிய தேதியும்

அந்தக் கால்வாயில் மாலைதோறும் வெள்ளையாக ஒரு கோடு ஓடும். காம்பார் பக்கத்து ஈயச் சுரங்கங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டிய கால்வாய் அது. எங்கள் ரப்பர் தோட்டத்தின் கள்ளுக்கடை அதன் கரையில் இருந்தது. அடைக்கும் நேரம் வந்ததும் கடைக்காரர் மிச்சமிருந்த கள்ளைப் பானையோடு தூக்கித் தண்ணீரில் கவிழ்ப்பார். நுரை நீண்டு, கலைந்து, வளைவில் மறையும். "மீனெல்லாம் நாளைக்குப் பெரட்டுக்கு வராதுலா!" என்று யாராவது கத்துவார்கள். பெரட்டு என்பது விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பது. தினமும் சொன்ன நகைச்சுவைதான். தினமும் சிரித்தார்கள்.

தோட்டம் இப்போது துண்டுதுண்டாக விற்பனையாகிறது. பழைய ஆட்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். கோயிலைப் பற்றி எழுத ஒருவர் கிடைத்தார், பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுத மூன்று பேர் சண்டை போட்டார்கள். கள்ளுக்கடை என்னிடம் வந்து சேர்ந்தது. ஓய்வுபெற்ற கிராணி, அதாவது தோட்ட அலுவலக எழுத்தர்; கோப்புகளை அறிந்தவர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆகவே குடிக்காமல் எழுதுவார் என்று நம்பியிருக்கிறார்கள்.

கோப்புகளின்படி வரலாறு மிகச் சிறியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் அத்தாப்பு ஓலைக் கூரையுடன் கடை தொடங்கியது. பிறகு தகரக் கூரை வந்தது, இடுப்பளவு பலகைச் சுவர் வந்தது, பெண்கள் வாங்கிக்கொள்ளத் தனியாக ஒரு சன்னல் வந்தது. கள் உற்பத்தியான இடம் எதிர்க்கரைத் தென்னந்தோப்பு. ஒற்றைப் பலகைப் பாலத்தைக் கடந்து கடைக்காரரே விடிவதற்குள் மரமேறுவார். பாளையைச் சீவி, கலயத்தை இறக்கிக்கொண்டு வருவார். மற்ற வேலையை வெயில் பார்த்துக்கொள்ளும். மதியம் நுரைக்கும், மாலையில் ஏறும், மறுநாள் புளித்துப் போகும். தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய எல்லோருக்கும் இது தெரியும். ஈப்போவில் ஆங்கிலப் பள்ளியில் படித்து வந்த எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் விதிமுறைகள்.

ஒரு சனிக்கிழமை நாலைந்து பேர் வயிற்று வலி என்று வேலைக்கு வரவில்லை. கள்ளைச் சோதனைக்கு அனுப்பும்படி, தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டு, மதியமே ஈப்போ கிளப்புக்குப் புறப்பட்டுப் போனார். நான் மாலையில் கடைக்குப் போய், கடைக்காரர் கண்ணெதிரே ஒரு போத்தலை நிரப்பி, தக்கை அடைத்து, அரக்கு முத்திரை வைத்தேன்.

"கிராணியாரே, இத இன்னைக்கே அனுப்பிருங்க. கள்ளு பொறுக்காது," என்றார்.

"ஏம்ப்பா, எங்க வேலைய எங்களுக்குச் சொல்லித் தர்றியா?" என்றேன். அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கிராணிகள் அப்படித்தான் பேசுவோம்.

மாதிரி எடுத்த அன்றே அனுப்ப வேண்டும் என்பது விதி. துரையின் கையெழுத்தில்லாமல் எதுவும் வெளியே போகக்கூடாது என்பதும் விதி. கையெழுத்தோ கிளப்பில் இருந்தது. போத்தலை அலுவலக அலமாரியில் பூட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டேன். திங்கள் காலை அலமாரியைத் திறந்தபோது தக்கை மேல்தட்டில் கிடந்தது. நுரை வழிந்து பதிவேடுகளின் முதுகில் காய்ந்திருந்தது. வாடையிலேயே விஷயம் தெரிந்தது.

அப்போது நான் செய்யவேண்டியிருந்தது எளிது. கொட்டிவிட்டுப் புதிதாக எடுத்திருக்கலாம். அதற்கு ஏன் தாமதம் என்று ஒரு விளக்கம் எழுத வேண்டும். துரை முகம் சுளிப்பார், பெரிய கிராணி வேலைக்கு என் பெயரைச் சிபாரிசு செய்யும் கடிதம் இன்னும் கொஞ்ச நாள் அவர் மேசையில் தூங்கும். அவ்வளவுதான் ஆபத்து. நான் புதுத் தக்கை அடைத்தேன். புது அரக்கு உருக்கி முத்திரை வைத்தேன். படிவத்தில் மாதிரி எடுத்த நாள் என்ற கட்டத்தில், என் நல்ல கையெழுத்தில், திங்கட்கிழமைத் தேதியை எழுதினேன்.

பழைய கள், விற்பனைக்குத் தகாதது என்று சோதனைக்கூடத்திலிருந்து பதில் வந்தது.

விசாரணை அலுவலகத்தில் நடந்தது. துரை கப்பலிலிருந்து இறங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, தமிழ் தெரியாது. மொழிபெயர்த்தது நான். கடைக்காரர் தோளிலிருந்த துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"தொர, நேத்துக் கள்ள நான் வித்ததே இல்லீங்க. மிச்சத்தக் கால்வாயில ஊத்துறது ஊருக்கே தெரியும். அன்னைக்கு, சனிக்கெழம, கிராணியார் புடிச்சது காலையில எறக்குன கள்ளு. எனக்குச் சாட்சி வேற யாரு இருக்கா? அவரையே கேளுங்க."

பழைய கள்ளைத் தான் விற்பதில்லை என்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மிச்சத்தைக் கால்வாயில் ஊற்றுவதையும் சொன்னேன். அதை மிக நன்றாகச் சொன்னேன். சனிக்கிழமையை மட்டும் சொல்லவில்லை. படிவத்தைத் திருப்பிப் பார்த்த துரை, எல்லாம் சரிதானா என்று என்னைக் கேட்டார். விதிப்படி இருக்கிறது என்றேன். இன்னும் பத்து நிமிடம் கடைக்காரருக்காகப் பரிந்தும் பேசினேன்: நல்ல உழைப்பாளி, இதுவரை புகார் இல்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாம் உண்மை. எதுவும் அவரைக் காப்பாற்றாது என்பது தெரிந்தே பேசினேன். கடையும் போயிற்று, தொழிலாளர் லயத்து வரிசையில் இருந்த வீடும் போயிற்று. எனக்குச் சிபாரிசுக் கடிதம் அடுத்த மாதமே வந்தது.

மலருக்காகப் பழைய கோப்பைப் பிரித்தபோது அந்தப் படிவம் அப்படியே இருந்தது. கடையின் முதல் நடத்துநர், பழைய கள் விற்றதற்காக நீக்கப்பட்டார்: தோட்டத்தின் வரலாறு அவரைப் பற்றிச் சொல்வது இந்த ஒரு வரிதான். அதற்கு ஆதாரம் என் கையெழுத்து. பதிவில் பிழையிருந்தால் திருத்த நடைமுறை உண்டு. பாதிக்கப்பட்டவர் விண்ணப்பிக்க வேண்டும். ஆயர் தாவார் ஊர்ப் பக்கம் அவரைப் பார்த்ததாகப் பின்னாளில் ஒருவர் சொன்னார். இல்லை, பினாங்கில் ஊருக்குக் கப்பலேறிவிட்டார் என்றார் இன்னொருவர். நான் இருவரிடமும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அவர் தோட்டத்தை விட்டுப் போன காலையில், மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் சாலையோரம் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மட்டும் அலுவலகப் படிவரை வந்தார். நான் ஏதோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"கிராணியாரே, வாரேன்," என்றார். "எனக்காக அம்புட்டு நேரம் தொரகிட்ட இங்கிலீசுல பேசுனீங்க. வேற எவன் பேசுவான்? மறக்க மாட்டேன்."

தலையை நிமிர்த்தாமல், "பரவால்லப்பா," என்றேன்.