ஷரீப் பாய் எரிக்காத ஆம்பிளிபயர்

சாப்பாட்டு மணி அடித்த நேரம். அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் பட்டறையின் கேட்டில் என்னைத் தேடி ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் ஷரீப் பாயின் தம்பி, சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தான். கரையான்சாவடியிலிருந்து மிதித்தே வந்திருக்கிறான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "அண்ணே, அண்ணன் காலைல மௌத்தாயிட்டாரு. மாரு வலிக்குதுன்னாரு, தண்ணி கேட்டாரு, அவ்ளோதான்," என்றான். நான் "சரி" என்றேன். உள்ளே திரும்பிப் போய், லேத்தில் பாக்கியிருந்த மூன்று பீஸையும் முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பூந்தமல்லி கபர்ஸ்தானில் நானும் மூன்று பிடி மண் போட்டேன். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பக்கத்தில் நின்ற எங்கள் பழைய பாட்டுக் குழுவின் தபேலாக்காரர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பாய் தங்கமான மனுஷன், மணி. அந்த ஆம்பிளிபயர எரிச்சது ஒண்ணுதான் பேரக் கெட்துச்சி." குழிகூட இன்னும் முழுசாக மூடவில்லை. நான் அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த ஆம்பிளிபயரை எரித்தது ஷரீப் பாய் இல்லை. நான்தான்.

அவரை அறியாதவர்களும் இதைப் படிக்கலாம். கரையான்சாவடி மெயின் ரோட்டில் அவருக்கு ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. எனக்கும் அவருக்கும் ஒரே வயது. அறுபதுகளின் கடைசியில் ஆவடிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழு ஆரம்பித்தோம். அக்கார்டியன் வாசித்த மாஸ்டர்தான் தலைவர். நான் கிதார். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடமிருந்து மாஸ்டர் ஒரு வால்வு ஆம்பிளிபயர் வாங்கி வந்தார். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். பெற்ற பிள்ளையைக்கூட மாஸ்டர் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. அதைக் கவனிக்கும் பொறுப்பு ஷரீப் பாயிடம் வந்தது.

சேக்காட்டில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையேறியாகிவிட்டது. சுவிட்சைப் போட்டால் ஆம்பிளிபயரின் சிவப்பு விளக்கு எரியவில்லை. நான் தட்டுகிறேன், திருகுகிறேன், மறுபடி தட்டுகிறேன். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்களே, அதே நிலைமை. ஷரீப் பாய் கையிலிருந்த டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தார். "இன்னா மாமே, அத்தப் போட்டு அடிக்கிறே? மெஷின் மேல பழி போடாதே. மொதல்ல செவுத்தப் பாரு," என்றார். பல்பு மாட்டிய ஹோல்டரில் இரண்டு ஒயர் தொங்கும் ஒரு டெஸ்ட் லாம்ப் எப்போதும் அவர் பையில் இருக்கும். அதைச் சுவரிலிருந்த பிளக் பாயிண்ட்டில் வைத்தார். எரிந்தது. சுவரில் கரண்ட் உண்டு. அடுத்து எங்கள் ஒயரின் மறுமுனையில் வைத்தார். எரியவில்லை. பிளக்கைக் கழற்றினால் உள்ளே ஒயர் அறுந்து கிடந்தது. பிளக்கைப் பிடித்து எடுக்காமல் ஒயரைப் பிடித்து இழுப்பது என் வழக்கம். "மாட்டப் புட்ச்சி இஸ்த்துகினு போறா மாதிரி இஸ்த்தா இன்னா ஆவும்?" என்று கேட்டாரே தவிர, அறுத்தது நான் என்று மாஸ்டரிடம் சொல்லவில்லை.

செவுரு, ஒயரு, பியூஸு, சுவிட்சு, அப்புறம்தான் உள்ளே. இந்த வரிசையை அவர் மாற்றியதே கிடையாது. பெட்டியைத் திறந்து வேலை பார்க்கும்போது இடது கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொள்வார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அப்படித்தான். பார்க்கிறவர்களுக்குத் திமிராகத் தெரியும். நான் கேட்டதற்கு, "உள்ள இன்னும் கரண்டு கீது மாமே. ரெண்டு கையும் வுட்டா நெஞ்சு வழியா பூடும்," என்றார். அவ்வளவு ஜாக்கிரதையான மனிதரின் நெஞ்சு கரண்டே இல்லாமல் நின்றுபோயிருக்கிறது.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வருஷம் இருக்கும். பாரிவாக்கத்தில் ஒரு கச்சேரி. முந்தின வாரம்தான் ஷரீப் பாய் ஒரு வால்வை மாற்றியிருந்தார். அன்று அவர் குழந்தைக்குக் காய்ச்சல், வரவில்லை. மூன்றாவது பாட்டில் ஆம்பிளிபயர் அணைந்துவிட்டது. சுவர் சரி, ஒயர் சரி, பியூஸ் போயிருந்தது. வேறு பியூஸ் கைவசம் இல்லை. சிகரெட் பாக்கெட்டுக்குள் இருக்கும் வெள்ளித்தாளைக் கிழித்து, போன பியூஸ் மேல் சுற்றிச் செருகினேன். விளக்கு எரிந்தது. கைதட்டினார்கள். மாஸ்டர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். உள்ளே கோளாறு என்றால் பெட்டியைக் காப்பாற்றத்தான் பியூஸ் போகும்; அது ஏன் போனது என்று நான் யோசிக்கவே இல்லை. போகப்போக பாட்டுக்கு அடியில் ஓர் இரைச்சல் ஏறிக்கொண்டே வந்தது. பெட்டி அடுப்பாகக் கொதித்தது. கடைசிப் பாட்டு முடியும்போது கருகல் நாற்றம் அடித்து, சத்தம் தேய்ந்து நின்றது. எல்லோரும் சாப்பிடப் போகும் அவசரத்தில் இருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. நான் ஒயரைச் சுருட்டிப் பெட்டியை மூடிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பூந்தமல்லியில் ஒரு கல்யாணம். மேடையில் மொத்தக் குழுவும் இருந்தது. ஷரீப் பாய் சுவிட்சைப் போட்டார். ஒன்றும் இல்லை. சுவரைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார். பின்பக்கத்து பியூஸ் மூடியைத் திருகி எடுத்தார். உள்ளே இருந்தது அவர் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு நொடி அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையை மூடிக்கொண்டார்.

"டிரான்ஸ்பார்மர் பூட்ச்சி மாஸ்டர்," என்றார்.

"வால்வு மாத்தறேன்னு நீதானே தொறந்து நோண்டினே? என் பொருள எரிச்சிட்டியே, பாவி!" என்று மாஸ்டர் கத்தினார்.

ஷரீப் பாய் மறுபடி என்னைப் பார்த்தார். என் வாயில் கொழுக்கட்டை. சொன்னால் கிதார் போய்விடும், குழு போய்விடும், சுவரொட்டியில் வரும் என் பேர் போய்விடும் என்ற பயம்தான். அன்றோடு அவரைக் குழுவிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஆவடி முதல் பூந்தமல்லி வரை எந்தக் குழுவும் அதற்கப்புறம் அவரைக் கூப்பிடவில்லை. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பது அதுவரை பழமொழியாகத்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து அவரே என்னிடம், "அந்த டிரான்ஸ்பார்மர கொண்டா," என்றார். கடையில் உட்கார்ந்து, கையாலேயே சுற்று எண்ணிப் புதுக் கம்பி சுற்றிக் கொடுத்தார். தன் பேரைச் சொன்னால் மாஸ்டர் அதை மாட்ட விடமாட்டார் என்று சொல்லித்தான் கொடுத்தார். மாஸ்டர் நான்தான் அலைந்து சரிசெய்ததாக நினைத்து எனக்குச் சால்வை போர்த்தினார். போர்த்திக்கொண்டேன். மறுநாள் வெட்கம் தாங்காமல் கடைக்குப் போய், "பாய், அந்த பியூஸ்ல..." என்று இழுத்தேன். வேறொரு ஆள் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நான் நிறுத்திவிட்டேன். "டீ ஆறுது, குடி," என்றார் ஷரீப் பாய். பிறகு எத்தனையோ தடவை அந்தக் கடைக்குப் போனேன். வேறு ஆளே இல்லாத நேரத்திலும் நான் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி இத்தா என்னும் துக்கக் காலத்தில் இருக்கிறார். நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முன் வரமாட்டார். வாசல் திரைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நானும் தம்பியும். நடந்ததை முழுக்கச் சொன்னேன். வெள்ளித்தாள், கருகல், சால்வை, எல்லாம். என் குரல் யாரோ பேசுவது போல் இருந்தது.

"தெரியும்ண்ணே," என்றார் அவர் மனைவி, திரைக்குப் பின்னாலிருந்து. "அன்னிக்கு ஊட்டுக்கு வந்ததுமே சொன்னாரு. நான்தான், போயி மாஸ்டராண்ட சொல்லுங்கன்னு சண்ட போட்டேன். 'வேணாம், மணி நல்லவன், அவனே சொல்வான், கொஞ்சம் டைம் ஆவும்'னாரு."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். மாஸ்டர் வீட்டுக்குப் போய் இதையே அங்கும் சொன்னேன். தபேலாக்காரரிடம் சொன்னேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன். ஷரீப் பாயிடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது, என்னை நல்லவன் என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை. எட்டு வருஷம் அதை அவர் மாற்றிக்கொள்ளவே இல்லையாம்.