அக்கா வெளியே நின்ற மதியம்

அடிபடும் பெண்களுக்கான எங்கள் அமைப்பு தொடங்கிய கதையை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். இரத்தினபுரியில் சொல்லியிருக்கிறேன், கேகாலையில் சொல்லியிருக்கிறேன், கொழும்பிலிருந்து வந்தவர்களுக்குச் சிங்களத்திலும் சொல்லியிருக்கிறேன். கதையின் நடுவில் ஒரு மரக்கதவு வரும். அந்த இடத்தில் என் பேச்சு வேகமெடுக்கும். கேட்பவர்கள் நான் உணர்ச்சிவசப்படுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் எனக்குப் பயம். யாராவது கையை உயர்த்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டது யார் என்று கேட்டுவிடுவார்களோ என்று. இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

அப்போது நான் நிவித்திகல டவுனில் ஒரு சட்டத்தரணியிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் பிறந்தவள், சிங்களப் பாடசாலையில் படித்தவள் என்பதால் தோட்டத்துப் பெண்கள் யாராவது வழக்கு விஷயமாக வந்தால் அவர்கள் சொல்வதை நான்தான் சிங்களத்தில் எழுதிக் கொடுப்பேன். அடித்தது, உதைத்தது, சூடு வைத்தது என்று எழுதி எழுதி என் விரல்களுக்கு அந்தச் சொற்கள் பழகிப்போயிருந்தன. எழுதிக் கொடுத்ததும் அந்தப் பெண்கள் பஸ் ஏறி அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போவார்கள். அப்படி வந்த ஒருத்தியைக் கைபிடித்துக் கூட்டி வந்தவர்தான் அக்கா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைமடுவத்தில் அவர் ஆயம்மாவாக இருந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். "நீங்க எழுதிக் குடுக்கிறீங்க, சரி தங்கச்சி. இவ ராவைக்கு எங்க படுக்கிறது? அதயும் அந்தக் கடதாசியில எழுதுங்களேன்" என்றார். அடுத்த சனிக்கிழமை அவருடைய பிள்ளைமடுவத்தில் போய் உட்கார்ந்தேன்.

எங்களுக்குப் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்த பிறகு ஐந்தாறு பெண்கள் தொட்டில்களுக்கு நடுவில் பாய் போட்டு உட்காருவோம். பஜனை என்று சொல்லித்தான் அக்கா தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்கியிருந்தார். அதற்காக முதலில் ஒரு பாட்டையும் பாடிவிடுவோம். எந்த வீட்டில் என்ன நடக்கிறது, யார் யாரை எங்கே கூட்டிப் போவது என்று பேச்சு பிறகுதான் தொடங்கும். எங்களுக்கு எதுவும் தெரியாது. அடிக்கிறவனை நேருக்கு நேர் பார்க்க நேர்ந்தால் என்ன செய்வது என்று நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. அதைப் பற்றிப் பேசினால் நடந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கதவுச் சம்பவம் நடந்த நாளில் எங்களிடம் வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கணவன் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். தோட்டத்தில் நல்ல பெயர், யாரிடமும் குரலை உயர்த்திப் பேச மாட்டான். முந்தைய மாதம் தொழிற்சங்கத் தலைவர் இருவரையும் உட்கார வைத்துப் பேசியபோது கைகட்டி நின்று, "இனிமே அப்படி நடக்காதுங்க" என்றானாம். அன்று காலை அவள் தாடை வீங்கி, ஒரு கண் மூடிக்கொண்ட நிலையில் கைக்குழந்தையையும் மூத்தவளையும் தூக்கிக்கொண்டு பிள்ளைமடுவத்துக்கு ஓடி வந்துவிட்டாள். அக்கா எனக்கு ஆள் அனுப்பினார். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஒரு மணி பஸ்ஸில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, அங்கிருந்து பொலிஸுக்குப் போவது என்று ஏற்பாடு.

மடுவத்தில் இருந்த பதினொரு பிள்ளைகளும் பருப்புத் தண்ணி குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. அக்கா கோப்பைகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் தண்ணீர்ப் பீலிக்குக் கழுவப் போனார். நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். தேயிலைக்கு நடுவே இறங்கும் குறுக்குப் பாதையில் அவன் வருவதைப் பார்த்தேன். ஓடி வரவில்லை. மலையில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவன் நடையில்தான் வந்தான். கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. அவன் குடித்திருக்கவில்லை. இன்றைக்கும் என்னை நடுங்க வைப்பது அதுதான். குடித்தவன் தடுமாறுவான், சத்தம் போடுவான், ஓடித் தப்ப நேரம் கிடைக்கும். இவன் கால் ஒரு கல்லில்கூடத் தடுக்கவில்லை.

நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினேன். யோசித்துச் செய்ததாக ஞாபகம் இல்லை. கோப்பைகள் சிதறும் சத்தம் கேட்டது. பின்பக்கத்திலிருந்து சுற்றி ஓடி வந்த அக்காவின் மூச்சு கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது.

"தங்கச்சி, கதவத் தெறங்க."

என் கை தாழ்ப்பாளின் மேலேயே இருந்தது.

"தங்கச்சி, நாந்தான். தெறங்க. வாறான்."

அவர் உள்ளே வர மூன்று விநாடி போதும். அவன் இன்னும் வாசலுக்கு வரவில்லை என்பது ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. மூன்றாவது தடவையும் அக்கா கூப்பிட்டார். அந்தத் தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அடிபட்டு வந்த அந்தப் பெண் எழுந்து ஓடி வந்தாள். "மிஸ், அக்கா வெளிய நிக்கிறாங்க. தெறங்க மிஸ், வெட்டிருவாரு" என்று தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். வீங்கிய முகத்தோடு நின்ற அவளை நான் தோளால் இடித்துத் தள்ளினேன். அவள் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விழாமல் நின்றாள். ஒரு பிள்ளை விழித்து அழ ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு அக்கா என்னைக் கூப்பிடவில்லை. கதவில் முதுகு உராயும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி நின்றுவிட்டார் என்று புரிந்தது.

"அக்கா, அவள கொஞ்சம் வரச் சொல்லுங்க." அவன் குரல் கடையில் சாமான் கேட்பதுபோல இருந்தது.

"புள்ளைங்க தூங்குது தம்பி. உன் மகனும் உள்ளதான் தூங்குறான். சத்தம் போட்டா எல்லாம் எழும்பிரும். அந்தக் கல்லுல கொஞ்சம் உக்காரு."

"நா ஒக்கார வரல அக்கா. நகருங்க."

"எங்க நகர்றது? கதவு பூட்டியிருக்குல்ல."

அதைச் சொல்லும்போது அக்காவின் குரல் உடைந்தது. பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு சாண் தூரத்தில் நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவர் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். யார் யார் வீட்டுப் பிள்ளை, எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளைக்குப் பல் முளைக்கிறது என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். ஏழு, எட்டுப் பெயர் வந்திருக்கும். கத்தி கதவில் இறங்கியது. அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை எழுத எனக்குச் சொல் இல்லை. கதவின் அடிப்பக்க இடுக்கு வழியாக இரத்தம் உள்ளே வந்தது.

மேல்மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. கங்காணி விசில் அடித்தார். பெண்கள் கூடைகளோடு இறங்கி ஓடி வந்தார்கள். அவன் ஓடவில்லை. கத்தியைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர்க் கான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தானாம். பத்துப் பெண்களின் குரல் கேட்கும்வரை நான் கதவைத் திறக்கவில்லை. திறந்தபோது அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். முந்தானையால் வலது கையைச் சுற்றியிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யாரோ முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"உள்ளுக்க பூட்டிக்கிட்டது யாரு?" என்று கங்காணி கத்தினார்.

நான் வாயைத் திறக்குமுன் அக்கா சொன்னார்: "நாந்தான் பூட்டச் சொன்னேன். பதினோரு புள்ளைங்க இருக்கில்ல."

கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் சிங்களத்தில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவரே தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் பதில் சொன்னார், என்னைச் சொல்லவிடவில்லை. உயிருக்கு ஆபத்தில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் அதன்பிறகு மடங்கவில்லை. அவனைப் பொலிஸ் கொண்டுபோனது, வழக்கு நடந்தது, அவன் சிறைக்குப் போனான். அந்தப் பெண் பிள்ளைகளோடு ஓப்பநாயக்கவில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். கோர்ட்டில் அவள் பயமில்லாமல் நடந்ததைச் சொன்னாள். தாழ்ப்பாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நான் மூன்று வாரம் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. ஆபீசில் யாராவது படியேறி வந்தால் டைப்ரைட்டரில் விரல் நின்றுவிடும். வீட்டில் பகலிலும் கதவைப் பூட்டினேன். பூட்டும்போதெல்லாம் வெளியே யாரோ நிற்பதுபோல இருக்கும், திறந்து பார்ப்பேன், மறுபடி பூட்டுவேன். நாலாவது வாரம் அக்கா கையில் கட்டோடு ஆபீசுக்கு வந்து என் மேசை முன்னால் நின்றார். "சனிக்கிழம வருவீங்களா?" என்று மட்டும் கேட்டார். போனேன். பாட்டு முடிந்ததும் அக்கா எல்லோரிடமும் சொன்னார்: "இனிமே ஒரு சட்டம் வச்சிக்குவோம். உள்ள இருக்கிறவங்க மொதல்ல கதவப் பூட்டணும். வெளிய யாரு கூப்பிட்டாலும் தெறக்கக் கூடாது. நானே கூப்பிட்டாலும் தெறக்கக் கூடாது." சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை.

எங்கள் பயிற்சியில் இன்றுவரை அதுதான் முதல் பாடம். அது உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஒருமுறை ஒருவன் மனைவியை வெளியே வரவழைக்கத் தன் தாயையே கதவடியில் நிற்கவைத்து அழச் சொன்னான். அவன் கையில் மண்ணெண்ணெய்ப் போத்தல் இருந்தது. உள்ளே இருந்தவர்கள் எங்கள் பாடத்தை நினைத்துத் திறக்காமல் இருந்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று, பாடம் நடத்தியவள் என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நான் குளியலறைக்குள் போய் வெகுநேரம் நின்றேன். என் கோழைத்தனத்துக்கு அக்கா சட்டம் என்று பெயர் வைத்துவிட்டார், அது வேலையும் செய்கிறது. இதில் நான் நன்றி சொல்வதா, வெட்கப்படுவதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

இப்போது எங்களுக்கு இரண்டு அறை ஆபீஸ் இருக்கிறது, எந்நேரமும் யாராவது எடுக்கும் ஒரு தொலைபேசி இருக்கிறது. பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். அக்கா தலைவி, நான் செயலாளர். அண்மையில் ஆரம்பகாலத்தைப் பற்றி எங்கள் இருவரிடமும் பேசி வீடியோ எடுக்க ஒரு குழு வந்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கதவு வந்த இடத்தில் நான் மேசையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அக்கா சட்டென்று இடையில் புகுந்து, "நாந்தான் பூட்டச் சொன்னேன்" என்று எப்போதும் சொல்வதைச் சொல்லி முடித்தார்.

அவர்கள் போன பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஆபீசில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

"அக்கா, அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்கள நான் மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க. ஆறு மாசம் உங்க மூஞ்சியப் பாக்கவே புடிக்கல. உள்ளதச் சொல்லியிருந்தா தோட்டமே உங்களக் காறித் துப்பியிருக்கும். நீங்க வந்திருக்க மாட்டீங்க. பொலிஸுக்கு, கோர்ட்டுக்கு, கடதாசிக்கு எல்லாம் நா எங்க போவேன்? அந்தப் பொம்பளைங்கள வச்சிக்கிட்டுத் தனியா நின்னுருவேனோன்னு பயம். அந்தப் பயத்துலதான் சொன்னேன்."

"இப்பவும் என்மேல..."

"இத்தன வருசமா எத்தன வீட்டுக்குப் போயிருக்கோம்? எந்த வீட்டுலயாவது உங்களுக்குப் பொறவு நா உள்ள போயிருக்கேனா?"

நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு வீடுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அக்காதான் முதலில் உள்ளே நுழைவார். அதை நான் அவருடைய துணிச்சல் என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நான் உள்ளே இருக்க, தான் வெளியே நிற்கும் நிலைமை இனி வரக்கூடாது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. என்னத்துக்கு ஒளிக்கிறது" என்றார்.

இரண்டு நாள் கழித்துக் கலவானப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. கணவன் மிரட்டிவிட்டுப் போயிருக்கிறான், எந்த நேரமும் திரும்பி வருவான் என்றாள் அந்தப் பெண். பொலிஸுக்குச் சொல்லிவிட்டு நாங்கள் கிளம்பினோம். லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு. வழக்கம்போல அக்கா முதலில் உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன்.

"வாங்க தங்கச்சி."

"பூட்டிக்குங்க அக்கா. பொலிஸ் வாற வரைக்கும் நான் வெளிய நிக்கிறேன்."

அக்கா என்னைப் பார்த்தார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். தேயிலைக்கு நடுவே இறங்கி வரும் பாதையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். தலையில் விறகோடு ஒருவர் வந்தார், என்னைத் தாண்டிப் போகும்வரை அவர் கைகளையே பார்த்தேன். பத்து நிமிடம் இருக்குமோ, அரைமணி இருக்குமோ தெரியாது. பொலிஸ் ஜீப் இன்னும் வரவில்லை. எனக்குப் பின்னால் தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. அக்கா தன் சட்டத்தைத் தானே மீறிக் கதவைப் பாதி திறந்திருந்தார். மடங்காத இரண்டு விரல்களும் கதவின் விளிம்பில் நீட்டிக்கொண்டு நின்றன.

"போதும். உள்ள வாங்க தங்கச்சி" என்றார்.