கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லிக் கொடுத்தேன்

மாத்தளை நகரில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் அறை. உளவியல் படித்து முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். நடத்தைக் கோளாறு என்று வைத்தியர் எழுதி அனுப்பும் பிள்ளைகளுக்கு, மெய்நிகர் கருவியைக் கொண்டு கோபத்தைக் கையாளப் பழக்க வேண்டும். கண்ணை முழுக்க மூடும் அந்தக் கருவியைப் பிள்ளைகள் 'பெட்டிக் கண்ணாடி' என்பார்கள். மாட்டிக்கொண்டால் ஒரு வகுப்பறை தெரியும். ஓர் ஆசிரியர் வந்து கத்துவார். பிள்ளை மூன்று தரம் மூச்சை இழுத்து விட்டு, அவர் கண்ணைப் பார்த்து, "எனக்குக் கோபம் வருது சேர், கொஞ்சம் நேரம் குடுங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் அவர் முகம் இளகும். "சரி மகள், சொல்லுங்க" என்பார். மூலையில் பச்சை விளக்கு எரியும்.

அந்தத் தமிழ் வசனங்களை எழுதியவள் நான்தான். வந்த ஆங்கிலப் பிரதியை இரண்டே நாளில் மொழிபெயர்த்தேன். ஒருவரும் கேட்காமலே திருத்தினேன், மெருகேற்றினேன். அவ்வளவு உற்சாகம். இந்தக் கருவி எங்கள் மலைக்கே வந்துவிட்டதென்று வீட்டில் போய்ப் பீற்றிக்கொண்டேன்.

ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண் பிள்ளை வந்தாள். பதினோராம் வகுப்பு. ஆய்வுகூட அலுமாரிக் கண்ணாடியை உடைத்திருந்தாள், மாணவத் தலைவி ஒருத்தியை அறைந்திருந்தாள். முதல் நாள் பெட்டிக் கண்ணாடியை மாட்டியதும், "மிஸ், இந்த மாஸ்டருக்கு மீச சரியா ஒட்டல்ல" என்றாள். அவர் கத்தத் தொடங்கியதும் ஓங்கி ஒரு குத்து விட்டாள். அது எங்கள் சுவரில் விழுந்தது. கை வீங்கிப்போய், "எங்க மிஸ் அவன், ஓடிட்டானா?" என்று கேட்டாள்.

இரண்டு மாதம் பழகினோம். எட்டாவது வாரம் அவள் குத்தவில்லை. மூச்சு விட்டாள், பார்த்தாள், சொன்னாள். பச்சை எரிந்தது. அவளைவிட நான்தான் அதிகம் துள்ளினேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை அவளுடைய அம்மா தொலைபேசியில் அழைத்தார். அவர் அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்.

"மிஸ், எம்புள்ள இந்தத் தடவ கை நீட்டலைங்க. ஒரு சாமானையும் ஒடைக்கல. இருந்தும் வெளிய போகச் சொல்றாங்க."

நடந்தது இதுதான். பனிமூட்டத்தில் பஸ் பிந்தியிருக்கிறது. பாடசாலை வாசலில் ஒழுக்காற்றுக்குப் பொறுப்பான ஆசிரியர் அவளைப் பிடித்து, எல்லோர் முன்னாலும், "தோட்டத்துப் புத்தி எங்க போகும்" என்று ஏசியிருக்கிறார். பழைய பிள்ளையாக இருந்தால் புத்தகப் பை பறந்திருக்கும். இவள் மூன்று தரம் மூச்சு விட்டு, அவர் கண்ணைப் பார்த்து, நான் எழுதிக் கொடுத்த வசனத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லியிருக்கிறாள்.

நானும் இந்த மண்ணில்தானே படித்தேன், பக்கத்துப் பலாபத்வலயில். சேர் ஏசினால் கையைக் கட்ட வேண்டும், அவர் முடிக்கும்வரை நிலத்தைப் பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆங்கிலப் பிரதியில் 'கண்ணைப் பார்' என்றிருந்ததும் தெரிந்ததையெல்லாம் தூக்கி மூலையில் போட்டுவிட்டேன்.

பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்துக்கு அந்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதிபர் கையெழுத்துப் போடாவிட்டால் இந்த வருடம் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லாவிட்டால் அவளும் அம்மாவோடு கொழுந்து பறிக்க மலைக்கு ஏற வேண்டியதுதான். வியாழக்கிழமை அவளும் அம்மாவும் நானும் அதிபர் அறைக்குப் போனோம்.

"இவ என்ன செஞ்சா தெரியுமா?" என்றார் ஒழுக்காற்று ஆசிரியர். "என் மூஞ்சிய நேரா பார்த்து, கோபம் வருதுங்கிறா. எங்கிட்ட."

"கத்தினாளா சேர்?"

"இல்ல."

"ஏதும் எறிஞ்சாளா?"

"அதுதான் எனக்குச் சந்தேகம். அமைதியா சொல்றா. திட்டம் போட்டு வந்திருக்கா."

"அத நான்தான் சேர் பழக்கினேன்."

"அப்ப நீங்கதான் கெடுத்திருக்கீங்க."

கண்ணாடியை உடைத்தபோது அவளைப் பிள்ளை என்றவர்கள், வாய் திறந்து பேசியபோது திமிர் பிடித்தவள் என்றார்கள். தோட்டத்துப் புத்தி என்று அவர் சொன்னதைப் பற்றி அந்த அறையில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்டேன். அதிபர் என்னைப் பார்க்காமல் மேசையிலிருந்த படிவங்களை அடுக்கினார்.

"மன்னிப்புக் கேட்டுட்டு படிவத்த வாங்கிக்கட்டும்," என்றார். "இல்லாட்டி விடுகைப் பத்திரம் தாறேன்."

வெளியே நடைபாதையில் நின்றோம். அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். நான் அவளிடம் சொன்னேன்: "கையக் கட்டு. நிலத்தப் பாரு. 'பிழைதான் சேர்'னு மட்டும் சொல்லு."

"என்னா பிழை செஞ்சேன் மிஸ்?"

"ஒண்ணும் செய்யல்ல."

"பொட்டிக்குள்ள இருந்த சேர் சரின்னு சொன்னாரே."

"அந்த சேர எழுதினது நான்."

கொஞ்சம் யோசித்தாள். "இந்த சேர ஆரு எழுதினது?"

அவளுடைய அம்மா அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே போனாள். கையைக் கட்டினாள், நிலத்தைப் பார்த்தாள், சொன்னாள். ஆசிரியர் அதிபர் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, இப்ப கண்ணுல ஒரு பணிவு இருக்கு" என்றார். அவள் கண்ணை அவர் எங்கே கண்டார்? தலை உச்சிதான் அவருக்குத் தெரிந்திருக்கும். கையெழுத்து விழுந்தது.

பரீட்சை எழுதினாள். எங்கள் அறைக்கு மட்டும் அதன் பிறகு வரவில்லை. இரண்டு தரம் அழைத்தேன். "அங்க பழகினா இங்க அடி விழும்னு சொல்றா மிஸ்," என்றார் அம்மா, என்னை நோகடிக்காத குரலில்.

எங்கள் திட்டத்து இணைப்பாளருக்கு நல்ல சந்தோஷம். பிள்ளை திரும்பப் பாடசாலைக்குப் போய்விட்டாள், மன்னிப்பும் கேட்டிருக்கிறாள், ஆகவே முன்னேற்றம். அறிக்கையில் அப்படித்தான் போட வேண்டுமாம். நான் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். அடியில், 'பயிற்சி தேவைப்படுபவர்: ஒழுக்காற்று ஆசிரியர்' என்று சேர்த்தேன். அந்த வரியை வெட்டிவிட்டுத்தான் மேலே அனுப்பினார்கள்.

இப்போது மாதாந்தக் கூட்டங்களில் எழுந்து ஒரே கேள்வியைக் கேட்கிறேன். பிள்ளையின் கோபத்துக்கு இரண்டு மாதம் ஒதுக்குகிறோமே, பிள்ளை வந்து 'எனக்குக் கோபம் வருகிறது' என்று சொன்னால் என்ன பதில் சொல்ல வேண்டுமென்று ஆசிரியர்களுக்கு ஒரு நாள் ஒதுக்கினால் என்ன? "நல்ல யோசனை மிஸ், எழுதித் தாங்க" என்கிறார்கள். நான்கு தரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த கூட்டத்துக்கு ஐந்தாவதும் தயார்.