ஊசிக்கு மறுநாள் வந்த ஆத்தா

முதலில் தடித்தது நாக்குதான். ஊசி போட்ட சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். வாய்க்குள் வேறு யாருடைய நாக்கோ கிடப்பதுபோல இருந்தது. மடியிலிருந்த கைக்குழந்தையை நாத்தனார் பக்கம் தள்ளினேன்.

பிரெஞ்சுக்காரர்கள் போன பின்னும் எங்கள் வார்டில் டாக்டரை முசே என்றுதான் கூப்பிடுவார்கள். "முசே, ஓடியாங்க, இவளுக்கு மூச்சு நிக்குது" என்று நாத்தனார் கத்தியது காதில் விழுந்தது. பிறகு ஒன்றும் நினைவில்லை.

பிரசவக் காய்ச்சலுக்காக (கருப்பையில் சீழ் பிடிப்பது) என்னைச் சேர்த்திருந்தார்கள். பென்சிலின் போடும் முன் டாக்டர் முறையாகக் கேட்டார்.

"இந்த ஊசி முன்ன போட்டிருக்கீங்களா? அதனால சீக்கு ஏதாவது வந்துச்சா?"

"ஒரு தடவ போட்டாங்க. சீக்கு எதுவும் வரலைங்க."

மனமறிந்து பொய் சொல்லவில்லை. கருவுறுவதற்கு முன்பு, முதலியார்பேட்டையில் கால் புண்ணுக்கு அந்த ஊசி போட்ட மறுநாள், உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. மாமியார் பார்த்துவிட்டு, "ஆத்தா வந்திருக்கா" என்றார். வாசலில் வேப்பிலை செருகினோம். தடிப்பு அடங்கியதும் தலைக்குத் தண்ணீர் வார்த்தோம். அம்மையைச் சீக்கு என்று சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அதனால் டாக்டர் சீக்கு என்று கேட்டபோது எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

அட்ரீனலின் (அடங்கும் மூச்சையும் நாடியையும் மீட்கும் மருந்து) என்னைத் திருப்பிக் கொண்டுவந்தது. மறுநாள் டாக்டர் துருவித் துருவிக் கேட்டதில்தான் வேப்பிலைக் கதை வெளியே வந்தது. இதை ஒவ்வாமை (மருந்தை உடம்பு பகையாக எதிர்ப்பது) என்றார்.

"ஊசிக்கு அப்புறம் உடம்புல எது வந்தாலும் சொல்லுங்கம்மா. சாமியா, மருந்தான்னு நான் பாத்துக்கறேன்."

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "ஆத்தாளப் போயி ஊசிக் கோளாறுங்கறாரு. அவருக்கு ஒரு தடவ வந்தா தெரியும்."

"வந்தா நீதாம்மா வேப்பிலை அடிக்கணும்" என்றாள் நாத்தனார்.

எனக்குச் சிரிக்கப் பயமாக இருந்தது. டாக்டர், மாமியார் இருவரில் யார் சொல்வது சரி என்று இன்றும் சில சமயம் தடுமாறுகிறேன். ஆனாலும் இதைப் படிப்பவர்களுக்குச் சொல்வேன்: மருந்தின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் வந்த தடிப்பை, அது ஆறியிருந்தாலும், சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பின் கொஞ்ச நேரம் யாரையாவது பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள்.

குழந்தை இப்போது தவழ்கிறாள். பேச்சின் நடுவே நான் நாக்கால் பற்களைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். அன்று தண்ணீர் வார்த்ததோடு எல்லாம் முடிந்தது என்றுதான் இருந்தேன். சமைத்தேன், பிள்ளை சுமந்தேன், தூங்கினேன். என் உடம்பு மட்டும் அந்த ஊசியை மறக்காமல் காத்திருந்தது. இப்போதும் காத்திருக்கிறது.